சட்டைப்பைக்குள் வந்த கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கையில் எடுத்துச் செல்லும் கணக்குக் கருவிகளின் வரலாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருள் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எடுத்துச் செல்லக்கூடிய முதல் கணக்குக் கருவி எது? (வாசகர், காரைக்குடி)

பதில்: கூழாங்கற்களையும் முடிச்சிட்ட கயிறுகளையும் வைத்து எண்ணத் தொடங்கிய நாள் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், 'முதல்' என்ற சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் கணக்கிடுவதற்கென்றே செய்யப்பட்டு, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் அளவில் இன்றும் கண்ணால் காணக் கிடைக்கும் பழங்கருவி எது என்று கேட்டால், ரோமானியரின் கைமணிச்சட்டத்தைச் சொல்லலாம். ஒரு வெண்கலத் தகட்டில் நெடுக்காகச் சில பள்ளங்கள் வெட்டி, அவற்றில் விழுந்துவிடாதபடி சிறு குமிழ்களைப் பொருத்தியிருப்பார்கள். கீழ்ப்பள்ளத்தில் ஒன்று மதிப்புள்ள குமிழ்கள் நான்கு, மேல்பள்ளத்தில் ஐந்து மதிப்புள்ள குமிழ் ஒன்று. ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஓர் இணை. ரோமானியர் எடையையும் நாணயத்தையும் பன்னிரண்டாகப் பகுத்தவர்கள் என்பதால், வலது ஓரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போன்ற பின்னங்களுக்கென்றே தனிப் பள்ளங்கள் உண்டு. பாரிஸ் தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவிலும், இத்தாலியின் ஆவோஸ்தா நகர அருங்காட்சியகத்திலும் இத்தகைய கருவிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஜப்பானியரின் இன்றைய சொரோபான் மணிச்சட்டத்திலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி என்ற அதே அமைப்புதான் இருக்கிறது.

கேள்வி: மணிச்சட்டம் மின்சாரக் கணக்கு இயந்திரத்தையே ஒருமுறை வென்றதாகப் படித்தேன். உண்மையா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: உண்மைதான். 1946 நவம்பர் 12 அன்று டோக்கியோவில், அமெரிக்க ராணுவத்தினருக்கான 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' நாளிதழின் ஏற்பாட்டில் அந்தப் போட்டி நடந்தது. ஜப்பானிய அஞ்சல் துறையின் சேமிப்புப் பிரிவைச் சேர்ந்த கியோஷி மட்சுசாகி சொரோபானுடனும், அமெரிக்க ராணுவத்தின் நிதிப் பிரிவைச் சேர்ந்த தாமஸ் நேதன் வுட் மின்சார இயந்திரத்துடனும் அமர்ந்தார்கள். கூட்டல், கழித்தல், வகுத்தல், இவை எல்லாம் கலந்த கணக்கு ஆகிய நான்கு சுற்றுகளில் சொரோபான் வென்றது. பெருக்கலில் மட்டும் இயந்திரம் முந்தியது. இதை வைத்து மணிச்சட்டமே உயர்ந்தது என்று முடிவு கட்டுவது சரியாகாது. பல ஆண்டுப் பயிற்சி உள்ள விரல்கள் அன்று வென்றன. அந்தப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு அதே சட்டத்தைக் கொடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

கேள்வி: பொறியாளராக இருந்த என் தந்தையாரின் ஸ்லைடு ரூல் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுவில் நகரும் ஒரு பட்டையால் எப்படிப் பெருக்க முடிந்தது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு மடக்கை அட்டவணைப் புத்தகத்தைக் கொண்டுபோன தலைமுறையினருக்கு இது எளிதாகப் பிடிபடும். 10 ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் கிடைக்குமோ, அந்த அடுக்கே அந்த எண்ணின் மடக்கை. இரண்டு எண்களைப் பெருக்க வேண்டுமானால் அவற்றின் மடக்கைகளைக் கூட்டினால் போதும். ஸ்லைடு ரூல் அந்தக் கூட்டலை நீளத்தால் செய்கிறது. அதிலுள்ள எண்கள் சம இடைவெளியில் இல்லை என்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். 25 செ.மீ. நீளமுள்ள அளவில் 2 என்ற குறி, 1 இலிருந்து ஏறத்தாழ ஏழரை செ.மீ. தொலைவிலேயே வந்துவிடும், காரணம், 2 இன் மடக்கை 0.301. நகரும் பட்டையின் 1 என்ற குறியை நிலைப்பட்டையின் 2 க்கு நேரே வைத்துவிட்டு, நகரும் பட்டையின் 3 க்கு நேரே கீழே பார்த்தால் 6 இருக்கும். 0.301 உடன் 3 இன் மடக்கையான 0.477 சேர்ந்து 0.778 ஆகிறது, அதுதான் 6 இன் மடக்கை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்ட ஆண்டு 1614. சில ஆண்டுகளுக்குள் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் அவற்றை ஒரு கோலில் அளவாக வரைந்து, கவராயம் கொண்டு நீளங்களைக் கூட்டினார். கவராயமே வேண்டாம், இரண்டு கோல்களை அருகருகே நகர்த்தினால் போதும் என்று வில்லியம் ஆட்ரெட் 1620களில் கண்டார். 1850களில் அமெதே மான்ஹைம் என்ற பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி அளவுகளை ஒழுங்குபடுத்தி, மேலே நகரும் குறிகாட்டியையும் சேர்த்த வடிவமே தங்கள் தந்தையார் கையில் இருந்தது வரைக்கும் நீடித்தது.

ஸ்லைடு ரூல் மூன்று இலக்கங்கள் வரை நம்பத்தக்க விடை தரும். ஆனால் தசமப் புள்ளி எங்கே வர வேண்டும் என்று அது சொல்லாது. 2×3, 20×30, 0.2×300 ஆகிய மூன்றுக்கும் அதில் ஒரே விடைதான். ஆகையால் பாலத்தின் உத்திரத்தைக் கணக்கிடும் பொறியாளர், விடை நூறுகளில் வருமா ஆயிரங்களில் வருமா என்று முதலில் மனத்துக்குள் மதிப்பிட்டாக வேண்டும். கருவி செய்யாத அந்த வேலையைத் தாங்களே செய்ததால், அந்தத் தலைமுறைப் பொறியாளர்களுக்கு எண்ணின் பருமன் பற்றிய உணர்வு மிகக் கூர்மையாக இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட்டலும் கழித்தலும் அதனால் இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைக்கணக்குக்கும் வங்கிக்கணக்குக்கும் அது ஒருபோதும் உதவியதில்லை. அப்பல்லோ விண்வெளிப் பயணங்களில் பிக்கெட் நிறுவனத்தின் சிறிய ஸ்லைடு ரூல் ஒன்றை வீரர்கள் உடன் கொண்டு சென்றார்கள். தந்தையாருடையதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: நாஜிகளின் வதைமுகாமில் இருந்த கைதி ஒருவர் அங்கேயே ஒரு கணக்குக் கருவியை வடிவமைத்தார் என்கிறார்கள். அது எந்தக் கருவி? எப்படி இயங்கியது? (வாசகர், யாழ்ப்பாணம், இதே கேள்வியை மதுரை வாசகரும் அனுப்பியிருக்கிறார்)

பதில்: கருவியின் பெயர் குர்த்தா. வடிவமைத்தவர் 1902 இல் வியன்னாவில் பிறந்த குர்த் ஹெர்ஸ்டார்க். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பற்சக்கரங்களால் கணக்கிடும் இயந்திரம் ஹெர்ஸ்டார்க்குக்கு முன்பே 300 ஆண்டுப் பழையது. பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் 1642 இல் தொடங்கிய முயற்சியும், அதன்பின் ஜெர்மனியின் லைப்னிஸ் கண்ட படிப்பல் உருளையும், 1820 இல் தாமஸ் த கொல்மார் காப்புரிமை பெற்ற இயந்திரமும் இதற்கு அடித்தளம் இட்டன. படிப்பல் உருளை என்பது, ஒன்பது பற்கள் ஒன்றைவிட ஒன்று நீளமாக அமைந்த உருளை. அதன்மீது சிறு சக்கரம் ஒன்றை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதற்கேற்ப அது சுழலும் அளவு 0 முதல் 9 வரை மாறும். எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனியாக ஓர் உருளை வேண்டும் என்பதால், எட்டு இலக்க இயந்திரத்தில் எட்டு உருளைகள் வரிசையாக நின்றன. கழித்தலுக்காகச் சக்கரங்களை எதிர்த்திசையில் சுழற்றும் அமைப்பு ஒன்றும் கூடுதலாக வேண்டியிருந்தது. இவ்வளவும் சேர்ந்த பெட்டி மேசையை விட்டு நகரவில்லை.

ஹெர்ஸ்டார்க்கின் தந்தை வியன்னாவில் கணக்கு இயந்திரத் தொழிற்சாலை நடத்தியவர். அந்த இயந்திரங்களை விற்க மகன் ஊர் ஊராகப் போனபோது, கட்டடக் கலைஞர்களும் மேற்பார்வையாளர்களும் சுங்க அதிகாரிகளும், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்திலேயே கணக்குப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். 1930களின் பிற்பகுதியில் அவருக்கு விடை கிடைத்தது. உருளை ஒன்றே போதும். அதை நடுவில் நிறுத்தி, இலக்கங்களுக்கான சக்கரங்கள் எல்லாவற்றையும் அதைச் சுற்றி வட்டமாக அமைத்துவிடலாம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த ஓர் உருளையே ஒவ்வோர் இலக்கத்தையும் வரிசையாகக் கூட்டிவிடும்.

கழித்தல்தான் கடினமான பகுதி. அதற்கு அவர் கண்ட வழி, எதிர்த்திசைச் சுழற்சியையே விட்டுவிட்டு, கழித்தலைக் கூட்டலாக மாற்றுவது. 752 இலிருந்து 286 ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 286 இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9 இலிருந்து கழித்தால் 713 வரும். 752 உடன் 713 ஐக் கூட்டினால் 1465. முன்னால் உள்ள 1 ஐ நீக்கி, கடைசியில் 1 ஐச் சேர்த்தால் 466, அதுவே விடை. ஹெர்ஸ்டார்க் தமது உருளையில் சாதாரணப் பற்களுக்கு இடையிடையே இந்த ஒன்பதின் நிரப்பிக்கான பற்களையும் வெட்டினார். கைப்பிடியைச் சற்று மேலே இழுத்தால் உருளையும் உயர்ந்து, நிரப்பிப் பற்கள் சக்கரங்களோடு பொருந்தும். சுற்றும் திசை மாறவே இல்லை. ஆனால் விடை கழிக்கப்பட்டு வரும். இந்தச் சிந்தனையின் அழகை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. சட்டைப்பைக்குள் நுழையவிடாமல் தடுத்த பொறியமைப்பைச் சுருக்க முயலாமல், அதன் தேவையையே அவர் இல்லாமல் ஆக்கிவிட்டார்.

1938 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; அதே ஆண்டு ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டது. அவருடைய தந்தை யூதர், தாய் கத்தோலிக்கர். குடும்பத் தொழிற்சாலை ஜெர்மன் ராணுவத்துக்கான அளவைக் கருவிகளைச் செய்யும் கட்டாயத்துக்கு உள்ளானது. 1943 இல் யூதர்களுக்கு உதவினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் கைது செய்யப்பட்டு, புகன்வால்ட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். நுண்பொறியியல் தெரிந்தவர் என்பதால் முகாமை ஒட்டியிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் அவரை வேலைக்கு வைத்தார்கள். அவருடைய பழைய எண்ணத்தைப் பற்றி அறிந்திருந்த அதிகாரிகள், அதை வரைந்து முடிக்குமாறும், போரில் வென்றபின் ஹிட்லருக்கு அதைப் பரிசாகக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். உயிரோடு இருக்க ஒரு வழி கிடைத்ததாக எண்ணி, வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் நினைவிலிருந்தே பென்சிலால் வரைபடங்களை அவர் வரைந்தார். பல்லாயிரம் பேர் இறந்த இடம் அது. அங்கே வரையப்பட்டது என்ற உண்மையை விலக்கிவிட்டு அந்தக் கருவியின் நேர்த்தியை மட்டும் பாராட்ட என்னால் இயலவில்லை.

1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படையினர் முகாமை விடுவித்தார்கள். ஹெர்ஸ்டார்க் வரைபடங்களை எடுத்துக்கொண்டு, சோமர்டா நகரில் இருந்த ரைன்மெட்டல் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே மூன்று மாதிரிகள் செய்யப்பட்டன. அந்தப் பகுதி சோவியத் படையினரின் பொறுப்புக்கு மாறியபோது, மாதிரிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வியன்னாவுக்குத் திரும்பினார். தம் நாட்டில் தொழில் வளர வேண்டும் என்று விரும்பிய லீக்டன்ஸ்டைன் அரசர் அவருக்கு ஆதரவு தந்தார். மௌரன் என்ற சிற்றூரில் கொன்டினா நிறுவனம் உருவாகி, 1940களின் இறுதியில் குர்த்தா விற்பனைக்கு வந்தது. பின்னர் நிறுவனத்தின் பங்குகளை மாற்றியமைத்து அவரை வெளியே தள்ள முயன்றார்கள். காப்புரிமை அவருடைய சொந்தப் பெயரிலேயே இருந்ததால் அவருக்குரிய பணத்தைத் தரவேண்டியதாயிற்று.

பார்ப்பதற்கு மிளகு அரைக்கும் குடுவைபோல இருந்ததால் மேல்நாட்டார் அதை அப்படியே செல்லமாக அழைத்தார்கள். முதல் வகையில் எட்டு இலக்க எண்ணை இட்டுப் பதினோர் இலக்க விடை வரை பெறலாம். 1954 இல் வந்த இரண்டாம் வகையில் பதினோர் இலக்கம் இட்டுப் பதினைந்து இலக்கம் வரை பெறலாம். 347 ஐ 23 ஆல் பெருக்க 23 சுற்றுகள் தேவையில்லை. பக்கவாட்டில் உள்ள நகர்த்திகளால் 347 ஐ வைத்து, மூன்று சுற்றுகள் சுற்றி, மேற்பகுதியைத் தூக்கி ஓர் இடம் திருப்பி, மேலும் இரண்டு சுற்றுகள் சுற்றினால் 7981 வந்துவிடும். கார் பந்தயங்களில் ஓட்டுநருக்கு அருகே அமர்ந்து நேரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டவர்கள் இதை மிகவும் விரும்பினார்கள். குலுங்கும் வண்டியில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரல் உணர்வாலேயே இயக்க முடிந்தது அதற்குக் காரணம். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, ஏறத்தாழ 1,40,000 குர்த்தாக்கள் செய்யப்பட்டிருந்தன. ஹெர்ஸ்டார்க் 1988 இல் காலமானார்.

கேள்வி: மின்னணுக் கால்குலேட்டர் எப்போது கைக்குள் அடங்கியது? (வாசகர், சேலம்)

பதில்: 1964 இல் ஷார்ப் நிறுவனம் வெளியிட்ட மின்னணுக் கணிப்பான் 25 கிலோ எடை, விலை 5,35,000 யென். மூன்றே ஆண்டுகளில், 1967 இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெரிமன், ஜேம்ஸ் வான் டசல் ஆகிய மூவரும் கையில் பிடிக்கத்தக்க ஒரு மாதிரியை உருவாக்கிவிட்டார்கள். பல மின்னணு உறுப்புகளை ஒரே சில்லில் அடக்கும் ஒருங்கிணைந்த சுற்றைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர் கில்பி. அதனால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்குக் காட்டவே நிறுவனம் இந்தப் பணியைத் தந்தது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கணக்கிடும் சுற்றுகளைச் சில்லுகளுக்குள் அடக்க வழி கிடைத்தபின்னும், விடையைக் காட்டுவதற்கும் அதற்கு மின்சாரம் தருவதற்கும் ஏற்ற வழி கிடைக்கவில்லை. அன்றைய ஒளிரும் எண்குழாய்கள் உயர் மின்னழுத்தம் கேட்டன. அதனால் கில்பி, வெப்பத்தால் காகித நாடாவில் எண்ணைப் பதிக்கும் ஒரு சிறு அச்சுமுறையை அமைத்தார். 1970 இல் கேனன் நிறுவனம் இந்த வடிவமைப்பை ஒட்டி வெளியிட்ட 'பாக்கெட்ரானிக்' கருவிக்கும் எண் காட்டும் முகப்பு கிடையாது, காகித நாடாதான். பெயரில் சட்டைப்பை இருந்தாலும் எந்தச் சட்டைப்பையிலும் அது நுழையவில்லை. உண்மையிலேயே சட்டைப்பைக்குள் அடங்கியது, 1971 தொடக்கத்தில் ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் வெளியிட்ட 'ஹேண்டி'. அதில் மோஸ்டெக் நிறுவனத்தின் ஒரே சில்லும், சிவப்பு எல்.இ.டி. எண்களும் இருந்தன.

கேள்வி: கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் ஒரு கால்குலேட்டருக்காகப் பிறந்தது என்பது சரியா? (வாசகர், பெங்களூரு)

பதில்: சரி. அதே பிசிகாம் நிறுவனம், அச்சிடும் மேசைக் கணிப்பான் ஒன்றுக்காக 1969 இல் அமெரிக்கச் சில்லு நிறுவனமான இன்டெல்லை அணுகியது. தனித்தனிப் பணிகளுக்குத் தனித்தனிச் சில்லுகள் என்ற முதல் திட்டத்துக்குப் பதிலாக, கட்டளைகளை நினைவகத்தில் வைத்து எந்தப் பணியையும் செய்யும் பொதுவான சில்லு ஒன்றை, அதாவது மைக்ரோபிராசசரை, இன்டெல்லின் டெட் ஹாஃப் முன்மொழிந்தார். ஸ்டான் மேசரும் பிசிகாமின் மசதோஷி ஷிமாவும் அதற்கு உருவம் தந்தார்கள். ஃபெடரிகோ ஃபாஜின் அதைச் சில்லாக வடித்தார். 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 4004 என்ற அந்தச் சில்லு 1971 நவம்பரில் பொதுவிற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. அதன் உரிமை பிசிகாமிடம் இருந்ததால், 60,000 டாலர் விட்டுக்கொடுத்து இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. ஒரே நிறுவனம், சட்டைப்பைக் கருவிக்குக் கணக்கு மட்டுமே செய்யும் தனிச் சில்லையும், மேசைக் கருவிக்குப் பொதுச் சில்லையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நாடியது. சில ஆண்டுகளில் பிசிகாம் நொடித்துப்போனது.

கேள்வி: ஸ்லைடு ரூலை ஒழித்தது எது? (வாசகர், திருச்சி)

பதில்: ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் எச்.பி.-35. தங்கள் மேசைக் கணிப்பானின் ஆற்றல் முழுவதும் தம் சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்று பில் ஹியூலெட் விரும்பினார். இவ்வளவு விலைக்கு வாங்க ஆளிருக்காது என்று சந்தை ஆய்வு சொன்னபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1972 இல் 395 டாலருக்கு வந்த அந்தக் கருவி, சைன், கொசைன், மடக்கை, அடுக்கு ஆகியவற்றைப் பத்து இலக்கத் துல்லியத்துடன் உடனே தந்தது. தசமப் புள்ளியையும் தானே வைத்தது. முதலில் விற்ற கருவிகளில் ஒரு பிழை இருந்தது: 2.02 இன் இயல் மடக்கையை எடுத்து, அதை மீண்டும் எண்ணாக மாற்றினால் 2 என்று காட்டும். நிறுவனம் அதை மறைக்காமல் வாங்கியவர்களுக்கு எழுதி, மாற்றித் தருவதாக அறிவித்தது. நான்கே ஆண்டுகளில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டி.ஐ.-30 என்ற அறிவியல் கணிப்பானை 25 டாலருக்கும் குறைவாக விற்றது. அமெரிக்காவின் பெரிய ஸ்லைடு ரூல் நிறுவனங்கள் அதற்குள் உற்பத்தியை நிறுத்தத் தொடங்கிவிட்டன. 1975 இல் அப்பல்லோ-சோயுஸ் என்ற அமெரிக்க-சோவியத் கூட்டு விண்வெளிப் பயணத்தில், நிரல் எழுதக்கூடிய எச்.பி.-65 உடன் சென்றது.

கேள்வி: என் கடையில் உள்ள கால்குலேட்டர் பேட்டரி மாற்றாமலே விளக்கு வெளிச்சத்தில் பல ஆண்டுகளாக இயங்குகிறது. இது எப்படி முடிகிறது? (வாசகர், விருதுநகர்)

பதில்: எச்.பி.-35 போன்ற கருவிகளில் சிவப்பு எல்.இ.டி. எண்கள் தாமே ஒளியை உமிழ வேண்டியிருந்ததால், மின்னேற்றிய பேட்டரி சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். 1973 இல் ஷார்ப் வெளியிட்ட இ.எல்.-805 இந்த நிலையை மாற்றியது. அதில் எண்களைக் காட்டியது திரவப் படிகத் திரை. அது ஒளியை உமிழ்வதில்லை. அறையில் இருக்கும் ஒளியையே சில இடங்களில் தடுத்தோ சிதறடித்தோ எண்ணாகக் காட்டுகிறது. அதற்குத் தேவையான மின்சாரம் மிகமிகக் குறைவு. கணக்கிடும் சில்லும் 'சிமாஸ்' எனப்படும் வகைக்கு மாறியது. அதன் டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும் கணத்தில் மட்டுமே குறிப்பிடத்தக்க மின்சாரத்தைச் செலவிடுகின்றன. நீங்கள் அடுத்த பொத்தானை அழுத்தும் வரை அது கிட்டத்தட்ட ஒன்றுமே செலவிடுவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததால், ஒரே ஒரு சிறு பேட்டரியில் 100 மணி நேரம் அந்தக் கருவி ஓடியது.

செலவு அந்த அளவுக்கு இறங்கியபின், சிறிய சூரிய மின்கலமே போதுமானதாயிற்று. 1976 இல் ஷார்ப் நிறுவனமே சூரிய மின்கலத்தில் இயங்கும் கணிப்பானை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தங்கள் கடையில் இருப்பதும் இதே அமைப்புத்தான். ஒளி குறைந்த இடத்தில் உதவுவதற்காக உள்ளே ஒரு சிறு பொத்தான் பேட்டரியும் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். மின்கலப் பட்டையைக் கையால் முழுவதும் மூடிப் பாருங்கள்: எண்கள் மங்கி மறைந்தால் அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டது அல்லது இல்லவே இல்லை; மறையாவிட்டால் பேட்டரி இன்னும் வேலை செய்கிறது.